பருவக் கடைசியில் மலையேறிக் காட்டுப் பெர்ரி பறிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்ப் பிரதேச மலைகளில் கோடை முடிந்து இலைகள் நிறம் மாறத் தொடங்கும் சில வாரங்களில், உயரத்தில் காட்டுப் பெர்ரிகள் பழுத்துக் கிடக்கும். அந்தச் சமயத்தில் ஒருநாள் நடையாகப் போய்ப் பறித்து வர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பழத்தைப் பற்றிச் சொல்வதற்கு இணையாக, நேரத்தோடு இறங்குவதைப் பற்றியும் நிறையச் சொல்லியிருக்கிறேன். இந்த நடையில் சிக்கலில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்தில்தான் மாட்டுகிறார்கள்.

பருவம் முடியும் நேரத்தில் ஏன் போக வேண்டும்? கோடையிலேயே போகலாமே?

தாராளமாகப் போகலாம். ஆனால் கோடையில் பழுத்திருப்பவை அடிவாரத்துச் செடிகள். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதனால் கீழே காய்த்துப் பழுத்து உதிர்ந்து முடிகிற சமயத்தில்தான் மேலே பழுக்கவே தொடங்கும். பழத்தின் பின்னாலேயே நாமும் மலையேறிக்கொண்டு போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவக் கடைசியில் கொசுவும் கூட்டமும் குறைந்திருக்கும். செடிகளின் இலை சிவந்து, எதிர்ச் சரிவிலிருந்தே இடம் தெரியும். பகலில் வெயிலும் இரவில் குளிரும் பட்டு நிதானமாகப் பழுத்த பழத்தின் ருசி, எனக்குத் தெரிந்து, கோடைப் பழத்துக்கு வராது.

பதிலுக்கு மூன்று விஷயங்களைச் சமாளிக்க வேண்டும்: பகல் சுருங்கிக்கொண்டே வரும், வானிலை சட்டென்று மாறும், கரடிகளும் அதே சரிவுகளுக்கு வரும்.

எந்த மாதம் சரி?

வட அரைக்கோளத்தில் பொதுவாக ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிய. லிங்கன்பெரி என்ற சிவப்புப் பழம் போன்ற சில வகைகள் அக்டோபர் வரை நிற்கும். ஆனால் தேதியை நம்பாதீர்கள். பனி தாமதமாக உருகிய வருடத்தில் எல்லாமே இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். பூக்கும் நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்தச் சரிவில் அந்த வருடம் பழமே இருக்காது. அந்த வட்டார வனத்துறை அலுவலகத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

என்னென்ன கிடைக்கும்?

நீங்கள் எந்தக் கண்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் ஹக்கிள்பெரி. எத்தனையோ பேர் முயன்றும் இது இன்னும் பெரிய அளவில் தோட்டப் பயிராகவில்லை, மலைக்குப் போனால்தான் உண்டு. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் பில்பெரி. கடையில் வாங்கும் ப்ளூபெரியை நறுக்கினால் உள்ளே வெளிறியிருக்கும். பில்பெரியோ உள்ளுக்குள்ளும் கருஞ்சிவப்பு. நான்கு பழம் தின்றாலே நாக்கும் விரலும் ஊதாவாகிவிடும், அந்தக் கறை லேசில் போகாது. வடக்கே போகப் போக லிங்கன்பெரி, கிரோபெரி, சதுப்பு நிலத்தில் கிளவுட்பெரி. வெட்டவெளிகளிலும் பாதை ஓரங்களிலும் காட்டு ராஸ்ப்பெரியின் கடைசிப் பழங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

மலையில் எங்கே தேடுவது?

அடர்ந்த காட்டுக்குள் செடி இருக்கும், பழம் இருக்காது. ஹக்கிள்பெரிக்கு வெளிச்சம் வேண்டும். பழைய காட்டுத்தீ எரிந்த சரிவுகள், பனிச்சரிவு மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன தடங்கள், மர எல்லையை (அதற்கு மேல் மரம் வளராத உயரத்தை) ஒட்டிய திறந்த வெளிகள் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தீ மேலே உள்ளதை எரித்துவிட்டாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். இதைத் தெரிந்துதான் வட அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் அறுவடை முடிந்ததும் சரிவுகளுக்குத் தாங்களே தீ வைத்துப் பழக்காடுகளைக் காப்பாற்றி வந்தார்கள். பின்னாளில் எல்லாத் தீயையும் அணைப்பதே அரசின் கொள்கையானதும், மரங்கள் மூடிக்கொண்டு பல பழக்காடுகள் சுருங்கிவிட்டன. காட்டைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பருவக் கடைசிக்கு இன்னொரு குறிப்பு. வட அரைக்கோளத்தில் தெற்கு நோக்கிய சரிவில் வெயில் அதிகம், அங்கே பழம் முதலில் முடிந்துவிடும். தாமதமாகப் போகிறவர்கள் வடக்கு, கிழக்குச் சரிவுகளில் தேடினால் ஏமாற்றம் குறைவு.

பழுத்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். கட்டைவிரலால் லேசாக உருட்டினால் பழம் தானாகக் கையில் விழ வேண்டும். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். காம்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிந்தாலும் இன்னும் நாளாகும் என்று பொருள். பறித்த பிறகு பழம் மிருதுவாகலாம், இனிப்பு ஏறாது.

லேசான உறைபனி ஒன்றிரண்டு இரவு பட்ட பழம் நன்றாகவே இருக்கும். கடுமையாக உறைந்து, வெயிலில் இளகி, மறுபடி உறைந்த பழம் தொட்டாலே நீராக உடையும், ருசியும் தட்டையாகிவிடும். அப்படிப்பட்டது கண்ணில் பட்டால் அந்தச் சரிவில் பருவம் முடிந்துவிட்டது.

விஷப் பெர்ரியை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள். விஷமானவற்றை எல்லாம் மனப்பாடம் செய்ய முடியாது. நீங்கள் பறிக்கப்போகும் ஒன்றிரண்டு வகைகளைப் பழம், இலை, தண்டு, வளரும் விதம் எல்லாவற்றோடும் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதைத் தொட வேண்டாம்.

ப்ளூபெரி, ஹக்கிள்பெரி, பில்பெரி மூன்றும் நெருங்கிய உறவு. பழத்தைக் காம்போடு பிடித்து, காம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பூ இருந்த இடத்தில் வட்டமான சின்னக் குழிவும், சுற்றிலும் கிரீடம் வைத்த மாதிரி ஒரு விளிம்பும் இருக்கும். இதை ஐரோப்பாவில் வளரும் கொடிய விஷச்செடியான பெல்லடோனாவோடு ஒப்பிடுங்கள். அதன் பழம் பளபளப்பான கறுப்பு, சின்னச் செர்ரி அளவு. ஐந்து பச்சைப் புல்லிகள் காம்புப் பக்கத்தில் நட்சத்திரமாக விரிந்து பழத்தைத் தாங்கி நிற்கும். எதிர்ப்பக்கம் வழவழவென்று இருக்கும். அதன் ருசி லேசான இனிப்பு என்பதுதான் ஆபத்து. தின்றவருக்கு வாய் உலரும், கண்மணி விரியும், இதயம் படபடக்கும், பிதற்றல் வரும். உயிரே போகலாம்.

பில்பெரி செடிகளுக்கு நடுவிலேயே முளைக்கும் இன்னொன்று பாரிஸ் குவாட்ரிஃபோலியா. நான்கு இலைகள் ஒரே கணுவில் வட்டமாக விரிந்திருக்க, மேலே ஒரே ஒரு கருநீலப் பழம் நிற்கும். ஒரு செடிக்கு ஒரே பழம் என்றால் கையை எடுத்துவிடுங்கள். காட்டோரங்களில் காணப்படும் பேன்பெரி சிவப்பாகவோ வெள்ளையாகவோ கொத்தாகக் காய்க்கும், இதயத்தைத் தாக்கும் விஷம் அது. சிவப்புப் பழங்களில் லிங்கன்பெரியை இலையால் உறுதிப்படுத்தலாம். தடித்த, பளபளப்பான இலை, திருப்பினால் அடியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள்.

“பறவை தின்கிறது, அதனால் நாமும் தின்னலாம்” என்பது முழுத் தவறு. பறவைகள் பெல்லடோனாவையும் தின்னும். கைப்பேசிச் செயலி சொல்வதை மட்டும் நம்பி வாயில் போடாதீர்கள். முதல் தடவை, தெரிந்தவர் ஒருவருடன் போவதே சிறந்தது. தவறுதலாக யாராவது தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அவசர உதவியை அழையுங்கள். தின்ற செடியின் கிளை ஒன்றைப் பழத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

நாட்டுக்கு நாடு மாறும். ஸ்வீடன், நார்வே, பின்லாந்து நாடுகளில் காட்டுப் பெர்ரி பறிப்பது பொதுவாக எல்லோருக்குமான உரிமை. வேறொருவரின் காடாக இருந்தாலும் பறிக்கலாம், வீட்டு முற்றத்துக்கும் பயிருக்கும் பக்கத்தில் போகக் கூடாது. அங்கேயும் விதிவிலக்கு உண்டு. நார்வேயின் வடக்கில் கிளவுட்பெரி விளையும் நிலத்தில் உரிமையாளர் தடை போட்டிருந்தால், நின்ற இடத்திலேயே தின்னலாம், எடுத்துப் போக முடியாது. அமெரிக்காவில் தேசியக் காடுகளில் சொந்த உபயோகத்துக்கு அளவு வரம்போடு அனுமதி உண்டு, சில இடங்களில் இலவசச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். தேசியப் பூங்காக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி.

சில சரிவுகள் பூர்வகுடி மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வாஷிங்டன் மாநிலத்தின் கிஃபோர்ட் பின்சாட் தேசியக் காட்டில் ஒரு ஹக்கிள்பெரி நிலப்பகுதியை யகாமா மக்களுக்கு விட்டுக்கொடுப்பதாக 1932-ல் வனத்துறை அதிகாரியும் யகாமா தலைவரும் கைகுலுக்கி ஒப்புக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு இன்றும் செல்லும். அப்படி அறிவிப்புப் பலகை இருக்கும் இடத்தில் ஒரு பழம்கூட எடுக்காதீர்கள்.

சீப்பு மாதிரியான கருவியால் வாரிப் பறிக்கலாமா?

பின்லாந்தில் அது சாதாரணப் பழக்கம். மேலே சொன்ன கிஃபோர்ட் பின்சாட் காட்டில் அதற்குத் தடை உண்டு. சட்டம் அனுமதித்தாலும், கையால் பறிப்பதையே சொல்வேன். சீப்பு வேகமாக வாரும். கூடவே காயும் இலையும் அடுத்த வருட மொட்டும் வந்துவிடும். பருவக் கடைசியில் இலைகள் உதிரத் தயாராக இருப்பதால், வீட்டில் சுத்தம் செய்ய ஆகும் நேரம் மிச்சம் பிடித்த நேரத்தைவிட அதிகமாகும்.

எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

முதல் பழத்தைப் பறிப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். பறிக்க ஆரம்பித்த பிறகு முடிவெடுக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அடுத்த செடியில் இன்னும் பெரிய பழம் தெரியும், அதற்கடுத்ததில் இன்னும் பெரியது. குனிந்த தலை நிமிராது.

கணக்கு எளிது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் வகுத்த விதியைப் பயன்படுத்தலாம்: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பாதை 6 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர் என்றால் ஏற 2 மணி 12 நிமிடம். காலை 9:30-க்குக் கிளம்பினால் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு 12 மணிக்கு மேலே இருப்பீர்கள். இறக்கம் சீக்கிரம் முடியும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சுமை இருக்கும், முழங்கால் சோர்ந்திருக்கும், ஆகவே 2 மணி நேரம் வையுங்கள். சூரியன் 6:45-க்கு மறைகிறது என்றால், அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக, அதாவது 5:15-க்குக் கீழே வந்துசேர வேண்டும். அப்படியானால் 3:15-க்குச் சரிவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பறிப்பதற்கு மூன்றே கால் மணி நேரம், ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

ஒன்றரை மணி நேரம் எதற்கு என்று கேட்கலாம். அட்டவணையில் போட்டிருக்கும் சூரிய அஸ்தமனம் சமவெளிக்கானது. மலையில் எதிர் முகடு அதற்கு வெகு முன்னரே வெயிலை மறைத்துவிடும், மறைத்த மறுநிமிடமே குளிர் இறங்கும். தவிர, நடு அட்சரேகைகளில் செப்டம்பர் கடைசியில் பகல் நாளொன்றுக்குச் சுமார் 3 நிமிடம் குறைகிறது. மூன்று வாரம் முன்பு இதே பாதையில் வந்துபோன நினைவில் கிளம்பினால் ஒரு மணி நேரம் உங்களை அறியாமலே காணாமல் போயிருக்கும்.

கைப்பேசியில் இரண்டு அலாரம் வையுங்கள். ஒன்று கிளம்புவதற்கு அரை மணி முன்னால், மற்றது கிளம்பும் நேரத்துக்கு. இரண்டாவது அடித்ததும் மூடியைப் போட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். பாத்திரம் நிறையவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. மேகம் முகட்டைத் தொட்டாலோ காற்று திசை மாறினாலோ அலாரத்துக்கும் காத்திருக்காதீர்கள்.

பறித்துக்கொண்டே போய் வழி தவறாமல் இருக்க என்ன செய்வது?

பழம் பறிப்பவர் நேர்கோட்டில் நடப்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்தால் எல்லாப் பக்கமும் அதே சிவந்த புதர்தான் தெரியும். பாதையை விட்டு விலகும் இடத்தில், கண்ணில் படும் நிறத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போங்கள், திரும்பும்போது அவிழ்த்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமல் வேலை செய்யும் வரைபடத்தை முன்பே இறக்கி, அந்த இடத்தைக் குறித்துவையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கைப்பேசியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

விசில் ஒன்று கழுத்தில் இருக்கட்டும். ஆல்ப்ஸ் பகுதியில் உதவிக்கான சைகை ஒரு நிமிடத்துக்கு 6 ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி 6. வட அமெரிக்காவில் 3 ஊதல்.

கரடி வந்தால்?

வரும் என்றே எண்ணிக்கொண்டு போங்கள். குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடிகள் வெறிபிடித்த மாதிரி தின்னும், ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை. நமக்கு ஒரு நாள் பொழுதுபோக்கு, அவற்றுக்கு அந்தக் குளிர்காலமே அந்தச் சரிவை நம்பி இருக்கிறது. புதருக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டிருக்கும் கரடிக்கு நாம் வருவது தெரியாது, நமக்கும் அது தெரியாது. பக்கத்தில் போனபின் இரண்டு பேரும் திடுக்கிடுவதுதான் ஆபத்து. ஆகவே பேசிக்கொண்டே பறியுங்கள், அவ்வப்போது கையைத் தட்டுங்கள், ஓடை இரைச்சல் பக்கத்தில் இன்னும் சத்தமாக. தனியாகப் போக வேண்டாம்.

ஈரம் காயாத பெர்ரி நிறைந்த எச்சம் தெரிந்தால் அந்த இடம் வேறொருவருடையது, நகர்ந்துவிடுங்கள். கரடியைப் பார்த்துவிட்டால் ஓடக் கூடாது. தணிந்த குரலில் பேசியபடி அதன் மேல் கண் வைத்துப் பின்னோக்கி மெதுவாக விலகுங்கள். கரடியின் முகத்தை நோக்கி மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்ப்ரே அனுமதிக்கப்பட்ட இடமென்றால் அது இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை. கிட்டத்தட்ட 10 மீட்டர் நெருக்கத்தில்தான் அது வேலை செய்யும். உடம்பிலோ பொருளிலோ முன்கூட்டியே அடித்துக்கொள்வதற்கான மருந்து அது இல்லை.

கரடியைவிட அதிகம் பேரைத் தொந்தரவு செய்வது மண்ணுக்குள் கூடு கட்டும் குளவி. கோடைக் கடைசியில் கூட்டில் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள்.

என்ன உடுத்திக்கொண்டு போவது?

பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் 10 டிகிரி வெப்பநிலையிலேயே உடல் விறைத்துப்போக முடியும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, தொப்பி, கையுறை. காலைப் பனியில் புதர்கள் முழங்கால் வரை நனைத்துவிடும் என்பதால் மாற்றுக் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவிளக்கு கட்டாயம். வேட்டைப் பருவமும் இதே மாதங்களில்தான், அடர் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது ஒன்று மேலே தெரியட்டும். வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

கட்டாயம் கூட்டிப்போங்கள், உயரமும் தூரமும் குறைந்த இடமாக. ஒரே விதி: வாயில் போடும் முன் காட்ட வேண்டும். ஒவ்வொரு பழத்தையும். சலித்துக்கொள்ளாமல் பார்த்துச் சொல்லுங்கள், கொஞ்ச நேரத்தில் விளிம்பையும் இலையையும் அவர்களே உங்களுக்குக் காட்டிச் சொல்வார்கள்.

கழுவாமல் அங்கேயே தின்னலாமா?

பெரும்பாலோர் தின்கிறார்கள். மத்திய ஐரோப்பா போன்ற சில பகுதிகளில் நரியின் எச்சத்தில் ஒரு நாடாப்புழுவின் முட்டை இருக்கலாம். மனிதருக்குத் தொற்றினால் 5 முதல் 15 வருடம் வரை அறிகுறியே தெரியாமல் கல்லீரலைப் பாதிக்கும். தொற்று அபூர்வம், பெர்ரியால்தான் வந்தது என்று நிரூபிப்பதும் கடினம். வீட்டுக் குளிர்பெட்டியின் மைனஸ் 20 டிகிரியில் அந்த முட்டை சாகாது, நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். அந்தப் பகுதிகளில் தரையை ஒட்டிய பழங்களை நான் சமைத்தே தின்பேன்.

எவ்வளவு பறிப்பது? எதில் கொண்டுவருவது?

ஒரு லிட்டர் பெர்ரி ஏறக்குறைய 600 கிராம். நான்கு லிட்டர் என்றால் இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, இறக்கத்தில் அது போதும். ஒரு செடியையும் மொட்டையடிக்காமல், எட்டியதில் பாதியை விட்டுவிட்டு நகருங்கள். பிளாஸ்டிக் பையில் பழம் நசுங்கி வெந்துபோகும். மூடி உள்ள கெட்டியான டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் பறிக்கக் கிடைக்கும். தடுக்கி விழுந்தாலும் மூடி காப்பாற்றும்.

வீட்டுக்கு வந்தபிறகு?

அன்றைக்கே சுத்தம் செய்துவிடுங்கள். ஒரு பலகையைச் சாய்த்து, மேலே ஈரத் துண்டை விரித்து, பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி விடுங்கள். இலையும் தூசும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பழம் மட்டும் கீழே வைத்த பாத்திரத்தில் வந்து விழும். கழுவாமல் ஒரே அடுக்காகத் தட்டில் பரப்பி உறையவிட்டு, அப்புறம் பையில் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாது. எடுக்கும்போது கழுவிக்கொள்ளலாம். ஜாம் செய்வதாக இருந்தால் கொஞ்சம் பழுக்காத சிவப்புப் பழங்களையும் சேருங்கள், அவற்றில் ஜாமை இறுகவைக்கும் பெக்டின் என்ற பொருள் அதிகம், சீக்கிரம் கெட்டிப்படும். லிங்கன்பெரிக்கு மட்டும் இந்த வேலையெல்லாம் தேவையில்லை. அதில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருக்கிறது, சுத்தமான ஜாடியில் தண்ணீர் ஊற்றி மூடிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தாலே மாதக்கணக்கில் கெடாது.